கோவில் நேரலை ஓடும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வந்துவிடும். ஆறாம் நாள் சாயங்காலம் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை டிவியில் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பது என் புகுந்த வீட்டு வழக்கம். அத்தை ஆறு நாளும் விரதம் இருப்பார். பெரியவள் நாலாம் வகுப்பு, அவளைப் பற்றிக் கவலையில்லை. சின்னவன் யுகேஜி. மூன்று மணிக்கே டிவியைப் போட்டுவிடுவதால் கடற்கரைக் கூட்டத்தையும் வர்ணனையையும் பார்த்துப் பார்த்தே ஓய்ந்துபோகிறான். சூரன் வருகிற நேரத்தில் அவன் கையில் போன் இருக்கிறது, அத்தை முகம் வாடிப்போகிறது.

ஆனால் இதே பையன் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்காலை நாலரைக்கு எழுப்பாமலே எழுந்துகொள்கிறான். அது என் பிறந்த வீட்டுப் பழக்கம், மதுரை. முதல் நாள் ராத்திரியே அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு நிறம் சொல்லிக் காகிதத்தில் எழுதி, சாமி மாடத்தில் வைத்துவிடுவோம். பச்சைப் பட்டு என்றால் வருஷம் செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை, அதனால் பச்சைக்குத்தான் போட்டி. விடியும்போது ஒரு செம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, மேலே வாழையிலைத் துண்டு வைத்துச் சூடம் ஏற்றி, தங்கக் குதிரை ஆற்றுக்குள் இறங்கும்போது டிவிக்கு நேராகக் காட்டுவோம். செம்பைப் பிடிப்பது பிள்ளைகள், சூடம் ஏற்றுவது பெரியவர்கள். அப்புறம் அந்தச் சர்க்கரையை அடுக்குமாடியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னவன் வேலை. மொட்டை மாடியில் தண்ணீர் பீய்ச்சலும் உண்டு. மதுரையில் தோல் துருத்தியால் பீய்ச்சுவார்கள், எங்களுக்குப் பிளாஸ்டிக் துப்பாக்கி.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். அழகர் வரும்போது அவனுக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, அதுவும் அழகர் வருகிற அந்த நிமிஷத்தில் செய்ய வேண்டிய வேலை. சூரசம்ஹாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை, வெறுமனே உட்கார் என்கிறோம். தென்மாவட்டத்துக்காரர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். மற்ற ஊர், மற்ற சமயத்தாரும் உங்கள் வீட்டில் செய்வதைச் சொல்லலாம்.

பொருநை:

தங்கச்சி, முதலில் ஒன்று. மூன்று மணிக்கு டிவியைப் போடாதீர்கள். செந்தூர் முருகனின் உற்சவமூர்த்தி ஜெயந்திநாதர் கடற்கரைக்கு வந்து போர் தொடங்கவே நாலு மணி தாண்டிவிடும். அதுவரை சின்னப் பிள்ளை பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அத்தை வேறு அறையில் பாராயணம் பண்ணட்டும், பிள்ளை விளையாடட்டும். போர் தொடங்குகிற நேரத்துக்கு எல்லோரும் கூடத்துக்கு வந்தால் போதும்.

எங்கள் வீட்டில் சஷ்டி முதல் நாளிலிருந்தே அட்டை வேலை நடக்கும். சூரன் எத்தனை தலை மாற்றுவான் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். முதலில் யானைமுகத் தாரகன், அடுத்து சிங்கமுகன், அப்புறம் சூரபத்மன் சொந்த முகத்தோடு, கடைசியில் மாமரம். ஒவ்வொரு தடவையும் சூரன் சாமியை மூன்று முறை சுற்றி வந்து மோதுவான், வேல் பாயும், தலை விழும், அடுத்த தலை ஏறும். அதனால் முதல் மூன்றுக்கும் நாங்கள் மூன்று அட்டை முகம் செய்து வைப்போம். ஒரு நாளைக்கு ஒன்று வீதம் வரைந்து, வண்ணம் தீட்டி, நாலாம் நாள் வேல் செய்தால் ஆறாம் நாளுக்கு எல்லாம் தயார்.

சூரன் யார் என்பதுதான் முக்கியம். பிள்ளைகளில் ஒருவரைச் சூரனாக்கக் கூடாது, அழுகை வந்துவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் பெரியவர் ஒருவர்தான் சூரன். என் அண்ணன் ரொம்ப வருஷம் இருந்தார், இப்போது மருமகன். டிவியில் சூரன் சுற்றும்போது இவரும் கூடத்தில் சுற்றுவார், டிவியில் வேல் பாயும்போதுதான் பிள்ளை அட்டை வேலாயுதத்தை நீட்ட வேண்டும். முந்திக்கொண்டால் செல்லாது. இந்த ஒரு விதி போதும், கண் டிவியை விட்டு நகராது. அடுத்த தலையை எடுத்துக் கொடுக்கிற வேலை இன்னொரு பிள்ளைக்கு. மாமரம் பிளந்து மயிலும் சேவலும் ஆனதும் போர் முடிந்தது, சூரன் சாமிக்கு வாகனமும் கொடியும் ஆகிவிட்டான். சூரனாக நின்றவருக்குப் பிள்ளைகள் விபூதி வைத்துவிட்டுக் காலில் விழுவார்கள். இது எங்கள் அம்மா ஏற்படுத்தியது. சூரனும் முருகனோடு சேர்ந்துவிட்டான் என்று அவர் சொல்வார்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. சம்ஹாரம் முடிந்ததும் கோவிலில் சாயாபிஷேகம் நடக்கும். கண்ணாடி வைத்து, அதில் தெரிகிற சாமியின் பிம்பத்துக்கு அபிஷேகம். வீட்டிலும் முருகன் படத்துக்கு எதிரே ஒரு தட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் முருகனுக்குப் பிள்ளைகள் கையால் பால் விடச் சொல்லுங்கள். உங்கள் யுகேஜிக்கு இது ரொம்பப் பிடிக்கும். செந்தூரில் அன்று ஜனங்கள் கடலில் குளிப்பார்கள், நம் வீட்டில் குழாய்த் தண்ணீர். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார வைத்தால் அன்றைய நாள் நிறைந்துவிடும்.

நாலு மாசி வீதி:

நல்ல இழை. நாங்கள் மீனாட்சி திருக்கல்யாண நேரலைக்குத் தம்போலா மாதிரி அட்டை செய்கிறோம். ஒரு அட்டைக்கு ஒன்பது கட்டம். வெண்குடை, தீவட்டி, நாதஸ்வரம், கிளி, சொக்கரோடு வரும் பிரியாவிடை அம்மன், திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருக்கும் முருகன், தாரை வார்க்க வந்த பவளக்கனிவாய்ப் பெருமாள், மங்கல நாண், கண்ணைத் துடைக்கும் பாட்டி (இது கட்டாயம் ஒருவராவது திரையில் வருவார்). பார்த்தவுடன் அந்தக் கட்டத்தில் ஒரு உதிரி மல்லிகை வைக்க வேண்டும். முதலில் நிரப்பியவருக்குச் சாக்லேட் பெட்டி. 2020-ல் ஊரடங்கில் பக்தர்கள் இல்லாமல் திருக்கல்யாணம் நடந்து இணையத்தில் காட்டினார்களே, அப்போது தொடங்கியது. இப்போது அட்டை வரைவதே பிள்ளைகள்தான், ஒவ்வொரு வருஷமும் ஒரு கட்டத்தையாவது மாற்றுகிறார்கள்.

பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் மட்டும் அட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் சத்தமும் கூடாது.

பழைய ரேடியோ:

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

சாமி காரியத்துக்குச் சாக்லேட் எதற்கு? அட்டை நிரம்பினால் ஜெயித்தான் என்று பழக்கினால் பிள்ளை அட்டையைப் பார்ப்பான், அம்மனைப் பார்க்க மாட்டான். எங்கள் காலத்தில் தை மாதம் திருவையாறு தியாகராஜர் ஆராதனையை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புவார்கள். அப்பா குளித்து, வேட்டி மாற்றி, ரேடியோ முன்னால் பலகை போட்டு உட்காருவார். நாங்கள் ஐந்து பேரும் பக்கத்தில். பார்க்கவே ஒன்றுமில்லை, கேட்பது மட்டும்தான். எங்களுக்கு யாரும் முகமூடியும் செய்து தரவில்லை, பரிசும் வைக்கவில்லை. சும்மா உட்காரத் தெரிவதும் ஒரு பழக்கம். அதை வீட்டில்தான் கற்றுக்கொடுக்க முடியும், வேறு எங்கும் கற்றுத்தர மாட்டார்கள். எதையும் விளையாட்டாக்கினால்தான் பிள்ளை உட்காருவான் என்றால் நாளைக்குப் பெரியவனாகிக் கோவிலில் நிற்கும்போது என்ன செய்வான்?

அரங்கன் தெரு:

பழைய ரேடியோ ஐயாவுக்கு மரியாதையோடு பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள்.

விளையாட்டு வேறு, பக்தி வேறு என்று எங்கள் ஊர்க் கோவிலே பிரித்து வைக்கவில்லை. வைகுண்ட ஏகாதசியில் தொடங்கும் இராப்பத்து உற்சவத்தின் எட்டாம் நாள் வேடுபறி. எங்கள் உற்சவர் நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருவார், திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடிப்பார். மணல்வெளியில் பெருமாளே ஓடி விளையாடுகிற உற்சவம் அது. பங்குனி உத்திரத்தன்று மட்டையடி என்று ஒன்று. உறையூர் நாச்சியாரிடம் போய் வந்த பெருமாளைத் தாயார் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடுவார், பூப்பந்தும் வெண்ணெயும் பறக்கும், கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைப்பார். பெரியவர்கள் வருஷா வருஷம் கண்ணீரும் சிரிப்புமாக நின்று சேவிக்கிறார்கள். அப்படியிருக்க வீட்டில் ஒரு குழந்தை அட்டை வேல் பிடித்தால் அது எப்படிக் குறையாகும்?

எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் இரவு பரமபதம் ஆடுவோம். சோழி உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பில் இறங்கி, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாம்பிடம் மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் கத்துவோம். இது நான் கண்டுபிடித்ததல்ல, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஏகாதசிக் கண்விழிப்புக்கென்றே இருந்த ஆட்டம். பிள்ளைகளை விடிய விடிய விழிக்க வைப்பதில்லை. பத்து மணி வரை ஆடிவிட்டுப் படுத்துவிடுவார்கள். காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், யாரும் தொடக்கூடாது. விடியலுக்கு முன்னால் நேரலை தொடங்கியதும் எழுப்புவோம். நம்பெருமாள் ரத்தினங்கள் பதித்த அங்கியான ரத்தினாங்கியில் மூலஸ்தானத்திலிருந்து கிளம்பி வருவார். அந்த நடையை முதலில் சிங்கநடை என்று சொல்லும் குழந்தைக்கு முதல் தீர்த்தம்.

பரமபத வாசல் திறக்கிற நேரத்துக்குப் பூஜை அறைக் கதவைச் சாத்தி வைத்திருப்போம். மாவிலைத் தோரணம், கோலம் எல்லாம் பிள்ளைகள் கைவேலை. டிவியில் கதவு திறந்ததும் வீட்டில் இருப்பதில் ரொம்பச் சின்னக் குழந்தை பூஜை அறைக் கதவைத் திறக்கும், எல்லோரும் "ரங்கா ரங்கா" என்று உள்ளே போவோம். என் பேத்திக்குக் கைப்பிடி எட்டாத வயதில் அவள் அப்பா தூக்கிக்கொண்டான். இப்போது அவளுக்குத் தம்பி வந்துவிட்டதால் அந்த உரிமை அவனுக்குப் போய்விட்டது. அதற்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே! ஒரு குழந்தை கதவு திறக்க முடியவில்லையே என்று அழுகிறதென்றால் அதற்கு அந்த வாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

சாக்லேட் விஷயத்தில் மட்டும் நான் ஐயா பக்கம்.

நாலு மாசி வீதி:

சாக்லேட்டுக்குப் பதில் வேறு என்ன வைக்கலாம், சொல்லுங்கள். எதுவும் வைக்காவிட்டால் பெரியவனுக்குச் சுவாரசியம் போய்விடும் போலிருக்கிறது.

வைகைக்கரை:

மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? மொய் எழுதச் சொல்லுங்கள்! திருக்கல்யாணத்தன்று கோவிலில் ஜனங்கள் வரிசையில் நின்று மொய் எழுதுகிறார்களே. வீட்டில் ஒரு மொய் நோட்டுப் போடுங்கள். யார் அட்டை நிரம்புகிறதோ அவர் கணக்குப்பிள்ளை. பேர், ஊர், தொகை எழுதி, பெரியவர்களிடம் காசு வசூலித்து, மஞ்சள் பையில் போட்டு வைத்து, அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது அவனே உண்டியலில் போடட்டும். அன்றைக்குச் சமையலும் கல்யாணச் சமையல்தானே, வாழையிலை போட்டுப் பரிமாறுவதையும் பிள்ளைகளிடமே விடலாம்.

மலைசுற்றி:

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வாசலில் நின்றாலே மலை தெரியும், ஆனாலும் டிவியும் ஓடும். காரணம் அர்த்தநாரீசுவரர். மகாதீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் அவர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவது சில நிமிஷம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை. டிவியில் அவர் வருவதைப் பார்க்க வேண்டும், உடனே ஓடிப்போய் வாசலில் மலையைப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டம்தான் திருவிழா.

வெளியூர்க்காரர்களுக்கு நான் சொல்வது இது. ஐந்தரைக்கே வாசல், மாடி, கிணற்றடி எல்லா இடத்திலும் அகலில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுத் தயாராக வையுங்கள், ஏற்றாதீர்கள். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். டிவி வெளிச்சம் மட்டும். ஆளுக்கொரு இடம் கொடுத்துவிடுங்கள், வாசல் உனக்கு, துளசி மாடம் உனக்கு என்று. கொடிமரத்தடியில் அகண்ட தீபம் ஏற்றியதும் 2668 அடி உயர மலை உச்சியில் தீபக் கொப்பரை பற்றிக்கொள்ளும். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சத்தம் கேட்ட பிறகுதான் முதல் அகல். மலையில் தீபம் தெரிந்த பிறகு வீட்டில் ஏற்றுவதுதான் இந்த ஊர் வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி வேண்டாம், நீளமான ஊதுபத்தியைப் பற்றவைத்துக் கொடுத்துக் கூட ஒரு பெரியவர் நில்லுங்கள். பட்டுப் பாவாடை வேண்டாம், பருத்தி போட்டுவிடுங்கள்.

கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். போனில் யூடியூபில் வைத்தால் அரை நிமிஷம், ஒரு நிமிஷம்கூடப் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் கேபிள் டிவியில் அரோகரா கேட்டுவிடும், உங்கள் வீட்டில் அர்த்தநாரீசுவரர் இன்னும் வந்திருக்க மாட்டார். காத்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். டிவியில் நேரடியாகப் பாருங்கள்.

விளக்கு ஏற்றியான பிறகு பொரி உருண்டை, மாவளி. மாவளி தெரியும்தானே? பனம்பூவைக் கரியாக்கித் துணியில் சுருட்டி, பனை மட்டையில் வைத்துக் கட்டிச் சுற்றுவது. சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். கார்த்திகை மாதத்தில் இப்போது சில ஊர்களில் விற்கிறார்கள். பட்டாசை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

நல்லூரான் வாசல்:

நாங்கள் கனடாவில், டொராண்டோவில் இருக்கிறோம். நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாளும் இணையத்தில் நேரடியாகப் போகும். இருபத்துநாலாம் நாள் தேர். யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணி என்றால் இங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அதனால் விழித்திருக்க விடுவோம்.

எங்கள் வீட்டு விதி ஒன்று. நல்லூருக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போக ஏலாது. ஆகவே தேர் பார்க்க வரும் என் இரண்டு மகன்மாரும் அவர்களின் அப்பாவும் வேட்டி கட்டி, மேல் சட்டை இல்லாமல்தான் வரவேற்பறைக்குள் வர வேண்டும். மகள் பாவாடை சட்டை. பள்ளியில் வேறு மொழி, வேறு உலகம் என்று இருக்கிற பிள்ளைகள் அன்றைக்கு உடுப்பை மாற்றியவுடனேயே வேறு ஆட்களாக மாறிவிடுகிறார்கள். ஆறுமுகசாமி தேரில் ஏறியதும் சிதறு தேங்காய் பின்வளவில். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் நித்திரை, ஆனபடியால் ஒரே ஒரு தேங்காய், கடைசி மகன் உடைப்பான். விளையாட்டு வண்டிலில் வேல் வைத்து, கயிறு கட்டி, தேர் நகரும்போது இவர்களும் வீட்டைச் சுற்றி இழுப்பார்கள். தேர் நின்றால் இதுவும் நிற்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது அம்மம்மாவின் தொலைபேசி. அவ வீதியில் நிற்பா. "இப்ப தெற்கு வீதிக்குத் திரும்புது, தெரியுதோ?" என்று கேட்பா. பிள்ளைகள் திரையில் தேடுவார்கள். தேர் இருப்புக்கு வந்து சாமி பச்சை அலங்காரத்தோடு (பச்சை சாத்தி) இறங்கி வரும்வரை தொடர்பை வைக்கமாட்டா. கச்சான் (வேர்க்கடலை) இல்லாமல் நல்லூர்த் திருவிழா இல்லைத்தானே, அதையும் வறுத்துக் கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுப்போம். பெரியவன் இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். போன ஆவணியில் தன் விடுதி அறையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர் பார்த்ததாக அம்மம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான்.

கடலோரக் குருசடி:

கத்தோலிக்கக் குடும்பம், கன்னியாகுமரி மாவட்டம். 2020 குருத்து ஞாயிறு எங்களுக்கு மறக்காது. கோவில் பூட்டியிருந்தது, பவனி இல்லை. தென்னங்குருத்தை வெட்டி வந்து பிள்ளைகள் சிலுவை முடைந்தார்கள். டிவி முன்னால் நின்று, பாடல் தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே பவனி போனோம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மார்ச் 27-ல், மழையில் யாருமில்லாத பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஆசீர் கொடுத்தார். என் மகள் டிவிக்கு முன்னால் மண்டியிட்டது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

அந்த வருஷத்துக்குப் பிறகு நாங்கள் விடாமல் வைத்திருப்பது இரண்டு. ஆகஸ்ட் 29 சாயங்காலம் வேளாங்கண்ணியில் கொடி ஏறும்போது எங்கள் முற்றத்திலும் ஒரு கொடி ஏறும். மாதா படம் ஒட்டிய துணி, மூங்கில் கம்பு, கயிறு இழுப்பது பிள்ளைகள். செப்டம்பர் 8 பெருவிழா வரை அது பறக்கும், தினமும் சாயங்காலம் அதற்கடியில் செபமாலை. இன்னொன்று பெரிய வெள்ளி இரவு ரோமில் கொலோசியத்தில் நடக்கும் சிலுவைப்பாதை. நம் ஊரில் நடுராத்திரி தாண்டிவிடும், அதனால் மறுநாள் காலையில் பதிவைப் பார்ப்போம். பதினாலு மெழுகுதிரி ஏற்றி வைத்து ஒவ்வொரு தலம் முடிந்ததும் ஒன்றை அணைக்க வேண்டும். பிள்ளைகள் முறை வைத்து அணைப்பார்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உடம்பு முடியாதவர்களுக்கும் போக வழியில்லாதவர்களுக்கும்தான் டிவி பூசை. கோவில் திறந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம்.

காயல் கரை:

கடைசியில் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். டிவியில் மக்காவில் நடக்கும் தொழுகையைப் பார்க்கலாம், ஆனால் அந்த இமாமைப் பின்பற்றி வீட்டிலிருந்து தொழக்கூடாது என்று ஆலிம்கள் சொல்வார்கள். இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம். பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. அந்த வகையில் பழைய ரேடியோ ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது.

ஆனால் ஹஜ் நாட்களில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பிள்ளைகள்தான். வாப்பா பெரிய காகிதத்தில் வரைபடம் போடுவார்கள். மினா, அரஃபா, முஸ்தலிஃபா, மறுபடி மினா, மக்கா. ஆளுக்கொரு கூழாங்கல். ஹாஜிகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே கல்லை நகர்த்த வேண்டும். முஸ்தலிஃபா வந்ததும் முற்றத்தில் போய்ச் சின்னக் கற்கள் பொறுக்கி வருவார்கள், மினாவுக்கு வந்ததும் ஏழு எண்ணி வைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் யாராவது அந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போயிருந்தால் அவர் பெயரில் தனிக் கல். அரஃபா உரைக்கு இப்போது தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. உரை முடிந்ததும் வாப்பா ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார்கள், காதில் விழுந்த ஒரு வரியைச் சொல் என்று. ஒரு வரி போதும். சொன்னதையே சொன்னாலும் சரி. நாலு வயதுப் பிள்ளை "தண்ணி குடிக்கச் சொன்னாங்க" என்று அரஃபா வெயிலைப் பற்றி வர்ணனையில் கேட்டதைச் சொன்னாலும் வாப்பா தலையைத் தடவிக்கொடுப்பார்கள்.

மௌனராகமில்லை:

என் மகனுக்குச் சத்தம் ஆகாது. மேளமும் வர்ணனையும் சேர்ந்து வந்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விடுவான். அவனைப் போன்ற பிள்ளைகள் உள்ள வீட்டாருக்காக எழுதுகிறேன். நாங்கள் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவோம். அவன் அம்மாவான நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் நடப்பதைச் சொல்வேன். கையில் ஈரக் களிமண் கொடுத்துவிடுவேன், அவன் பார்த்ததைப் பிசைவான். வெளியே போக வேண்டும் என்றால் போகலாம், யாரும் கூப்பிடக் கூடாது. போய்விட்டுத் திரும்பி வருவான். வந்து பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரமும் அவனுடையது. உறவினர் யாராவது "சாமி கும்பிடத் தெரியலையே" என்று சொன்னால் எனக்கு ரொம்ப வலிக்கும். தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

பொருநை:

தாயே, அந்தக் களிமண் யோசனை அருமை. உங்கள் மகன் பிசைந்த வேல் எங்கள் செந்திலாண்டவனுக்கு ஏற்றதுதான்.

பழைய ரேடியோ ஐயா, ஒன்று கேட்கலாமா? திருவையாற்றுக் கச்சேரி ஓடும்போது உங்கள் அப்பா உங்களைத் தொடையில் தாளம் போடச் சொல்லவில்லையா?

பழைய ரேடியோ:

போடச் சொன்னார். தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனை ஐந்தும் ஆதி தாளம், அதனால் சின்னவர்களும் விடாமல் போட முடியும். தாளம் தப்பினால் அப்பா பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. அதுவும் கையில் கொடுத்த வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளம் பாட்டுக்குள்ளேயே இருந்தது. அப்படி அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே இருப்பதை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை. கதவு திறப்பது, கொடி ஏற்றுவது, அகல் ஏற்றுவது எல்லாம் அப்படித்தான். பரிசுப் போட்டி வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது. அதைத்தான் வேண்டாம் என்கிறேன். மொய் நோட்டு நல்ல யோசனை.

சும்மா உட்காருவதையும் கொஞ்சம் பழக்குங்கள். கடைசியில் தீபாராதனை நடக்கும் அந்த ஐந்து நிமிஷமாவது, கையில் எதுவும் இல்லாமல்.

வைகைக்கரை:

ஐயா, அந்த ஐந்து நிமிஷத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்கிறேன். அத்தையிடம் படித்துக் காட்டினேன், உங்களுக்குத் தன் நமஸ்காரத்தைச் சொல்லச் சொன்னார்.

பொருநை அண்ணன் சொன்னபடி இந்த வருஷம் நாலு மணிக்கு மேல்தான் டிவி. என் வீட்டுக்காரர் சூரன். கொழுந்தனாரும் கேட்டார், ஆனால் அவருக்கு அன்றைக்கு இரவு வேலை. அட்டை முகம் வரைய வேண்டியது பெரியவள், எடுத்துக் கொடுப்பதும் அவளே. வேல் சின்னவன் கையில். கண்ணாடிக்குப் பால் விடுவதை அத்தையும் சின்னவனும் சேர்ந்து செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு நாள் விரதம் இருப்பவர் அவர், அவர் கை பக்கத்தில் இருந்தால்தான் பொருத்தம்.

இரண்டு சந்தேகம். மாமரத்துக்கு என்ன செய்வீர்கள், அதுவும் அட்டைதானா? மயிலையும் சேவலையும் எப்படிக் காட்டுவது? அப்புறம் திருத்தணியில் சூரசம்ஹாரம் இல்லை என்று பெரியவளின் தோழி சொன்னாளாம், ஏன் என்று கேட்கிறாள்.

பொருநை:

திருத்தணி முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை, அதனால் அங்கே சம்ஹாரம் கிடையாது. அன்றைக்குப் புஷ்பாஞ்சலி நடக்கும், கூடை கூடையாகப் பூ. உங்கள் பெரியவளுக்கு ஆசையாக இருந்தால் சாயாபிஷேகம் முடிந்ததும் முருகன் படத்துக்குப் பூப்போடச் சொல்லுங்கள், இரண்டு ஊரும் ஆயிற்று.

மாமரத்துக்கு அட்டை வேண்டாம். மாவிலைக் கொத்து ஒன்று போதும், சூரனாக நிற்பவர் இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளட்டும். வேல் பட்டதும் கொத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அதனால் முதலிலேயே இரண்டு சின்னக் கொத்தாகக் கட்டி, நூலால் லேசாகச் சேர்த்து வையுங்கள். வலது கைக் கொத்துக்குப் பின்னால் மயில் படம், இடது கையில் சேவல் படம் ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது தானாகத் தெரியும். இலை வாடிவிடும், அன்று மதியம் பறித்தால் போதும். அட்டை வேலின் நுனியை மட்டும் வட்டமாக வெட்டிவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் கண்ணாடி போடுபவராக இருந்தால் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.